காப்புக் கட்டிய ஐந்தாம் நாள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தால் நாம் பேசுவது மொத்தம் நாலு நிமிடம். சாப்பிட்டாயா என்று நீ கேட்பாய், ஆச்சு என்பேன். அங்கே மழையா என்பாய், இல்லை என்பேன். நைனா இந்த வாரம் வந்தாரா என்பாய், வந்தால் வந்தார், வராவிட்டால் இல்லை. கடைசியில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாய். "நல்லாத்தான் கீறேன்" என்று நான் சொன்னதும் உன் குரல் லேசாகிவிடும், வைத்துவிடுவாய். அந்த "நல்லாத்தான் கீறேன்" ஆறு மாதமாகப் பொய். போனில் எனக்குப் பொய் சுலபமாக வந்துவிடுகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் தமிழில் படித்துவிட்டுத் தெலுங்கு மீடியத்துக்குப் போனவன் நீ, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. வேகமாகப் படித்தால் பாதியிலேயே எனக்குப் போன் போடுவாய், நானும் பழக்கதோஷத்தில் நல்லாத்தான் கீறேன் என்று சொல்லித் தொலைப்பேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை திருப்பதி ஆஸ்பத்திரியில் என் கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள். பயப்படாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கே பயமாக இருக்கும்போது உன்னை மட்டும் பயப்படாதே என்பது என்ன நியாயம்? பயந்துகொண்டே படி. இதெல்லாம் ஒரு தாய் மகனிடம் பேசுகிற பேச்சா என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும்தான். நீ பிறந்த இடம் அது. அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேச ஐம்பத்திரண்டு வயது வரை எனக்கு வாய் வரவில்லை.

உன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை என்று சொல்வாய். தப்பில்லை. கம்பெனியில் பெண்கள் பாத்ரூமைச் சுத்தம் செய்கிறாள் என்பதுதான் முழு வாக்கியம். பதினோரு வருடமாகச் செய்கிறேன், அங்கே வேலை ஓடுகிற லைனில் நிற்கிற பிள்ளைகளில் யாருக்கு எப்போது மாதவிலக்கு வரும், யாருக்கு வலி அதிகம், யாருக்கு நாள் தள்ளிப்போனால் முகம் வெளுக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். "ஆன்ட்டி, ஒக்க பேட் உந்தா?" என்று தெலுங்குப் பிள்ளைகளும், "ஆன்ட்டி, ஒண்ணு குடு, அவசரம்" என்று நம் பக்கத்துப் பிள்ளைகளும் ஓடி வருவார்கள். அவர்களுக்காகவே என் பையில் எப்போதும் ஒரு பாக்கெட் இருக்கும். இத்தனை பேர் உடம்பைத் தெரிந்து வைத்திருந்தவளுக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. நான் அதைத் தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

நாற்பத்தேழு வயதில் ஆரம்பித்தது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது, வந்தால் பத்து நாள் நிற்காது. மெடிக்கல் ஷாப்பில் போய் மெதுவான குரலில் சொன்னால் ஒரு மாத்திரை தருவார்கள், நிற்கும். என்ன மாத்திரை என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. அப்புறம் அந்த அனல் வந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பி, கழுத்து, காது, தலைமயிர் வேர் வரைக்கும் ஏறும். கம்பெனி ஏசிக்குப் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவார்கள், நான் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நிற்பேன். "ஏமய்யிந்தி ஆன்ட்டி, ஜொரமா?" என்று சூப்பர்வைசர் கேட்பான். ஜுரமென்றால் மாத்திரை போடலாம், இது ஐந்து நிமிடத்தில் தானே போய்விடும், நனைந்த ஜாக்கெட் மட்டும் மிச்சம். தூக்கம் போனது. தூக்கம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. உப்பு கம்மி என்று உன் நைனா சொன்னதற்கு ரசத்தைப் பாத்திரத்தோடு வாசலில் கவிழ்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "ஒங்கம்மாவுக்கு சாமி வந்துகீதுடா" என்று அவர் உன்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் உள்ளே போய் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியாததால் உங்களிடம் சொல்லவும் ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில்தான் நீ சிரிஷாவை முதல் தடவை வீட்டுக்குக் கூட்டி வந்தாய். நாயுடுபேட்டையிலிருந்து பஸ் ஏறி, பூ வாங்கிக்கொண்டு, புதுப் புடவையில் வந்தாள். நான் அடுப்படியில் கறிக்குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். ஃபேன் காற்றில் திரி அலைந்தது, அணைந்துவிடக் கூடாதே என்று ஸ்விட்சை நிறுத்தினாள். நல்ல பிள்ளைகள் செய்கிற காரியம்தான். அதே நேரம் எனக்கு அனல் ஏறியது. அடுப்புச் சூடு ஒரு பக்கம், உடம்புச் சூடு ஒரு பக்கம், காற்றைத் தேடிக் கூடத்துக்கு வந்தால் ஃபேன் நின்றுகிடக்கிறது. "எவளக் கேட்டுடி காத்த நிறுத்துன? கால் வெக்கறதுக்கு முன்னாடியே எம் மூச்ச நிறுத்த வந்துட்டியா?" என்று கத்தினேன். அவளுக்கு அப்போது தமிழ் பாதிதான் புரியும். ஆனால் அந்தக் குரல் எந்த மொழிக்காரிக்கும் புரியும். "சாரி ஆன்ட்டி" என்று ஸ்விட்சைப் போட்டுவிட்டு, கையில் பூவோடு நின்றாள். நீ அவள் பையை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பிவிட்டாய். குழம்பு அப்படியே இருந்தது, யாரும் சாப்பிடவில்லை.

அன்றைக்குப் பேசியது நான் இல்லை, ஹார்மோன் என்று இப்போது சொல்லித் தப்பிக்கலாம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் விளக்கியபோது அப்படி ஒரு கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் கண்ணு, அனல்தான் ஹார்மோன் கொடுத்தது. வார்த்தையை நான்தான் தேடி எடுத்தேன், எங்கே பட்டால் வலிக்கும் என்று தெரிந்தே எடுத்தேன். உன் கல்யாணத்தில் கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்து போய் மேடையில் நின்றேன், முடிந்ததும் இறங்கி மூன்றாவது வரிசையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு அடுத்த வருடம் எனக்கு அடியோடு நின்றுபோனது. அனலும் மெல்லக் குறைந்தது. அதற்குள் வீட்டில் நான் ஒருத்தி மட்டும்தான். உன் நைனா திருப்பதி லாட்ஜில் வாட்ச்மேன், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து துணியைப் போட்டுவிட்டுத் துவைத்த துணியை எடுத்துப் போவார். கம்பெனி பஸ்ஸில் எழுபது பேரோடு வந்து இறங்கி, கதவைத் திறந்தால் காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். அதை நகர்த்தவும் ஆள் இல்லை. டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். நீ ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறாய். துபாய்க்குப் போன பிள்ளைகளின் அம்மாக்கள், தூரம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு அதற்கும் வழியில்லை.

இப்போது நான் சொல்லப்போவதை நீ யாரிடமும் கேட்டிருக்க மாட்டாய். நம் தெரு கங்கம்மாவுக்கு ஆடியில் கூழ் ஊற்றும்போது முதல் பானையை வைப்பது யார் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காப்புக் கட்டினால் பத்து நாள். அந்தப் பத்து நாளுக்குள் விலக்காகிவிடக் கூடாது. அதனால் புருஷன் இருக்கிறவளாகவும், மாதவிலக்கு நின்றுபோனவளாகவும் ஒருத்தி வேண்டும். எதிர்வீட்டுச் சின்னபாப்பா அக்காதான் பன்னிரண்டு ஆடி அந்தப் பானையை வைத்தாள். போன ஆடிக்கு அவள் முட்டி ஒத்துழைக்கவில்லை. குழாயடியில் அத்தனை பேர் முன்னால் வந்து கேட்டாள். "ஏன்டி, ஒனக்கு நின்னுபோச்சா இல்லியா?"

"நின்னு ஒன்ற வருசம் ஆவுதுக்கா."

"அப்ப இந்த வருசம் நீயே வெச்சிடு. எனக்கு குனிஞ்சா நிமிர முடியல."

கேலி பண்ணாதே, கண்ணு. எனக்குக் கல்யாணம் நிச்சயமான நாளில்கூட அப்படிப் பூரித்ததில்லை. வாழ்நாளெல்லாம் அந்த மூன்று நாளுக்காக ஒதுங்கி ஒதுங்கி நின்றவள் நான். மலைக்குப் போக நாள் பார்த்து, கல்யாணத்துக்கு நாள் பார்த்து, தள்ளிப்போட மாத்திரை விழுங்கி, கடைசியில் வாசல் வரை போய்த் திரும்பி வந்தவள். இப்போது அதே உடம்பைப் பார்த்து, நீதான் சரியான ஆள் என்கிறார்கள். மஞ்சள் கயிற்றில் வேப்பிலை வைத்து மணிக்கட்டில் கட்டினார்கள். மறுநாளிலிருந்து வீடு நிறைந்துவிட்டது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கினால் நாலைந்து பெண்கள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். கேழ்வரகு புடைக்கிறவள் ஒருத்தி, வெங்காயம் உரிக்கிறவள் ஒருத்தி, சும்மா வம்பு பேச வந்தவள் ஒருத்தி. என் டம்ளரை யாராரோ எடுத்துக் குடித்து எங்கெங்கோ வைத்தார்கள். நான் தேடித் தேடி எடுத்தேன்.

ஐந்தாம் நாள் கம்பெனியில், பதினோரு மணி இருக்கும், உள்ளே போனபோது பார்த்தேன். சிவப்பு. முதலில் வேறு யாருடையதோ என்றுதான் நினைத்தேன், என் வேலை அப்படி. என்னுடையது என்று தெரிந்ததும் கதவில் சாய்ந்துகொண்டேன். மணிக்கட்டில் வேப்பிலை இன்னும் வாடவில்லை. பிள்ளைகளுக்காக வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? காப்பை அவிழ்ப்பார்கள், வேறு ஒருத்திக்குக் கட்டுவார்கள், அந்தப் பெண்கள் எழுந்து அவள் வீட்டுக்குப் போவார்கள். என் வாசல் காலியாகிவிடும். அம்மன் கோபிப்பாள் என்ற பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காலி வாசலுக்கு நான் இன்னும் அதிகமாகப் பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன். மாவு கரைத்தேன், புளிக்க வைத்தேன், பத்தாம் நாள் பானையை இறக்கி அம்மன் முன்னால் வைத்தேன். எல்லாரும் குடித்துவிட்டு, "இந்த வருசம் கூழு சூப்பரா கீது" என்றார்கள். பதினோராம் நாள் யாரும் வரவில்லை. அதுவும் அவர்கள் தப்பில்லை, காரியம் முடிந்தால் அவரவர் வீடு.

அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு வாரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருந்தது. வலி இல்லை. வலித்திருந்தால் எங்காவது போயிருப்பேனோ என்னவோ. ஒரு நாள், கங்கம்மாதான் தண்டிக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். இன்னொரு நாள், வயது திரும்புகிறதோ என்று கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பேன், சிரித்துக்கொள். யாரிடம் சொல்வது? சொன்னால் எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். ஆடியிலிருந்து என்று சொன்னால் தெருவே குடித்த கூழ் என் தொண்டையில் நிற்கும். ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசியும் போனது. ஒவ்வொரு ஞாயிறும் நீ உடம்பு எப்படி என்று கேட்டாய்.

கடைசியில் என்னைப் பிடித்தவள் பவானி. வடமாலபேட்டைப் பிள்ளை, இங்கே ஹாஸ்டலில் தங்கி லைனில் வேலை பார்க்கிறாள், நாக்கு கொஞ்சம் நீளம். கார்த்திகை மாதம் ஒரு நாள், நான் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் புடவைக்குள் மறைப்பதைப் பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, ஒனக்குத்தான் நின்னுபோச்சுன்னு போன வருசம் லட்டு குடுத்தியே. இப்ப இன்னாத்துக்கு இது?"

"ஒனக்கு இன்னாடி வந்துச்சு? லைனுக்குப் போ" என்றேன்.

அவள் போகவில்லை. என் கையைப் பிடித்து முதலுதவி அறைக்கு இழுத்துக்கொண்டு போய் நர்ஸ் முன்னால் உட்கார வைத்தாள். நானும் ஒரு வார்த்தை திட்டாமல் போனேன் என்பதுதான் ஆச்சரியம். அத்தனை மாதத்தில் என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. நர்ஸ் தெலுங்குப் பெண், கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஒக்க ரோஜு கூட ஆகத்து ஆன்ட்டி" என்றாள், ஒரு நாள்கூடத் தள்ளாதே என்று. முழுசாக ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும் அது மாதவிலக்கு இல்லை, வலி இல்லாவிட்டாலும் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். நிறையப் பேருக்குச் சாதாரணக் காரணம்தான் இருக்குமாம். சிலருக்கு அப்படி இருக்காதாம். யாருக்கு எது என்று பார்த்தால்தானே தெரியும் என்றாள்.

திருப்பதிக்குத் தனியாகத்தான் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளே இருக்கிற சவ்வு இந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிடத் தடித்திருக்கிறது என்றார்கள், கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா சித்தூர்க்காரர், நம் தமிழ் பேசுவார். கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் நாற்று நட்டவள் நான் என்று தெரிந்ததும் அதிலேயே விளக்கினார். "ரெண்டு சுரப்பு இருக்குதும்மா. ஒண்ணு நாத்த வளத்துகினே போகும். இன்னொண்ணு வளந்தது போதும்னு நிறுத்தி, மாசத்துக்கு ஒரு தபா அறுத்து அனுப்பும். ரெண்டும் சரியா கீற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. வயசு ஆவ ஆவ சினைப்பை ஓயுது. மொதல்ல இந்த அறுக்கறது நின்னுபோகும், வளக்கறது மட்டும் ஏறி ஏறி எறங்கும். பூரா நின்ன பின்னாலயும் ஒடம்புக் கொழுப்புலேர்ந்து கொஞ்சம் சுரந்துகினேதான் இருக்கும். சிலருக்கு உள்ள அப்படியே மண்டிப்போகும்." அந்த அனலைப் பற்றியும் கேட்டேன். அந்தச் சுரப்பு குறையும்போது, மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற இடம் தடுமாறிப்போகிறதாம். கொஞ்சம் சூடு ஏறினாலும் தீப்பிடித்த மாதிரி வேர்வையைத் திறந்துவிடுகிறதாம். தூக்கம் போவது, மனசு ஒரு நிலையில் நிற்காதது, எலும்பு தேய்வது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டாம். "அப்பவே வந்திருந்தா எதுனா பண்ணியிருக்கலாமேம்மா, மருந்தெல்லாம் கீதே. யாருக்கு எது ஒத்துக்கும்னு பாத்துக் குடுப்போம்" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். மருந்து இருந்ததற்காக அழுதேன். நான் பைத்தியம் இல்லை என்று நாலு வருடம் கழித்து ஒருத்தர் சொன்னதற்காகவும் அழுதேன்.

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. இன்னும் புற்று ஆகவில்லை, ஆனால் அணுக்கள் மாறத் தொடங்கிவிட்டன, விட்டால் அங்கேதான் போகும், எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா. எடுத்ததை முழுசாகச் சோதித்த பிறகுதான் வேறெதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம். "எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். ஆடி என்றேன். விரல் விட்டு மாதங்களை எண்ணிவிட்டு, "ஏம்மா?" என்றார். கூழ் ஊற்றினோம் என்று எப்படிச் சொல்வது?

உன் நைனாவை லாட்ஜ் வாசலில் போய்ப் பார்த்துச் சொன்னேன். "ஏன்மே எங்கிட்ட சொல்லல?" என்றார். "நீ எப்ப கேட்ட?" என்றேன். எதிரே இருந்த கடையில் இரண்டு டீ வாங்கி வந்தார். தன்னுடையதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்து ஆறவிட்டார். கெட்டவர் இல்லை. முப்பது வருடமாக, நான் கோபப்பட்டாலே எனக்குச் சாமி வருகிறது என்று நினைத்தவர், அவ்வளவுதான். கையெழுத்துப் போட வருகிறேன் என்றார்.

போன வெள்ளிக்கிழமை சின்னபாப்பா அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாம் நாளே எனக்கு வந்தது, மறைத்துப் பானை வைத்தேன், அம்மனுக்கு என்ன பரிகாரம் வேண்டுமோ சொல்லு, செய்கிறேன் என்றேன். அவள் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"எனக்கும் வந்துச்சுடி" என்றாள். "ரெண்டு ஆடி. நானும் யாருக்கும் சொல்லல. சொன்னா பானைய வேற எவளாச்சும் எடுத்துக்குவாளே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப, அக்கா?"

"எப்பனா ஒரு தபா வரும், போவும். அது இன்னா பண்ணுது, அது பாட்டுக்கு கீது."

புதன்கிழமை நான் அட்மிட் ஆகப் போகும்போது என்னோடு வா, ஒரே பஸ், ஒரே டாக்டர், ஒரு தடவை காட்டிவிடு என்று கெஞ்சினேன். "எனக்கு அறுபத்தெட்டு ஆவுது, இனிமே எனக்கு இன்னாத்துக்குடி" என்று கையை உதறினாள். நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டு, "நீயும் சொல்லிகினு திரியாத. அடுத்த ஆடிக்கும் நீதான் வெக்கணும்" என்றாள். நான் வைக்கப்போவதில்லை. அதையும் சொன்னேன், ஏன் என்பதைக் குழாயடியில் எல்லாருக்கும் சொல்லத்தான் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து எதிர்வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. என் வாசலில் இனி யாரும் வெங்காயம் உரிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பானையை எனக்கு முன்னால் வைத்தவளும் மறைத்தாள், நானும் மறைத்தேன், எனக்கு அடுத்தவள் யாரோ அவளும் மறைப்பாள். எங்கேயாவது நிற்க வேண்டாமா?

உனக்கு நான் பெரிய புத்திமதி சொல்ல வரவில்லை. சிரிஷாவுக்கு இப்போது இருபத்தெட்டு. இதெல்லாம் வர இன்னும் இருபது வருடம் ஆகலாம், அப்போது நான் இருப்பேனோ என்னவோ. ஒருநாள் அவள் நடுக்கூடத்தில் நின்று காரணமில்லாமல் கத்துவாள். அப்போது உன் பிள்ளையைப் பார்த்துக் கண்ணடிக்காதே. தூக்கம் வந்ததா, அனல் அடிக்கிறதா, எத்தனை நாளாக இப்படி என்று அவளைக் கேள். கேட்டுவிட்டுப் போனை எடுக்காமல் பதில் வரும்வரை அங்கேயே உட்கார். முதல் தடவை "ஒண்ணும் இல்லை" என்பாள், இரண்டாம் தடவையும் அதையேதான் சொல்வாள். மூன்றாம் தடவையும் கேள். என்னிடம் யாராவது மூன்று தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அதற்காக உன்னைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் சொல்கிறேன்தான், போ.

நேற்று ஆஸ்பத்திரியில் அட்மிஷன் பாரம் எழுதினார்கள். உன் நைனா கையெழுத்துப் போடலாம், மருந்து வாங்கி வரலாம், ஆனால் ஆபரேசன் முடிந்தபின் வார்டுக்குள் பெண் அட்டெண்டர் ஒருத்தர்தான் இருக்கலாமாம். நாலு நாள். எழுப்பி உட்கார வைக்க, பாத்ரூமுக்குக் கூட்டிப் போக, துணி மாற்ற. "மீதோ எவரு உண்டாரு?" என்று கேட்டாள் எழுதுகிற பெண், உன்னோடு யார் இருப்பார்கள் என்று. பவானியைக் கேட்டால் வருவாள். சின்னபாப்பா அக்காவைச் சொல்ல வழியில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது, அந்தப் பெண் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் "சிரிஷா" என்றேன். என்ன உறவு என்றாள். "கோடலு" என்றேன், மருமகள் என்று. எழுதினாள். போன் நம்பர் சொல்லு என்றாள்.

என் போனைத் திறந்து தேடினேன். உன் நம்பர் இருக்கிறது, உன் நைனா நம்பர் இருக்கிறது, பவானி, சூப்பர்வைசர், கேஸ் சிலிண்டர்காரன் எல்லாரும் இருக்கிறார்கள். அவள் நம்பர் என்னிடம் இல்லை. மூன்று வருடமாக என் மருமகள் அவள், ஒரு தடவைகூட நான் அவளைக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தை விட்டுவிட்டு, புதன்கிழமை வரும்போது எழுதிக் கொண்டுவா என்று பாரத்தைக் கையில் கொடுத்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை முதலில் நீ படி, பிறகு அவளுக்குப் படித்துக் காட்டு, அந்த ஃபேன் விஷயத்தைத் தாண்டிப் போகாமல் படித்துக் காட்டு. அவளை வற்புறுத்தாதே. முடியாது என்றால் அதையும் எனக்குச் சொல், நான் கோபிக்க மாட்டேன். அவளாக சரி என்று சொன்னால் மட்டும், அவள் நம்பரை எனக்கு அனுப்பு.

அம்மா